இன்ஜின் நின்ற பிறகு

குருவி தலையில் பனங்காயை வைத்த மாதிரி, சின்னக் காருக்குள் பெரிய இன்ஜினைத் திணிக்கலாம் என்று யோசனை சொன்னவன் மெக்கானிக் மைத்துனன். சரி என்று தலையாட்டியவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். இரண்டு பேரில் யாருக்குப் புத்தி மட்டு என்று கேட்டால் கடைக்காரரின் மனைவி வாயைத் திறக்க மாட்டாள். ஒருவன் கூடப் பிறந்தவன், இன்னொருவர் கட்டிக்கொண்டவர். யாரை என்று விட்டுக்கொடுப்பாள், பாவம்.

இன்ஜின் எப்படியோ உள்ளே போய்விட்டது. ஆனால் ரேடியேட்டரோடு மூக்கை உரசிக்கொண்டு நின்றது. பெல்ட்டில் சுற்றும் பழைய தண்ணீர் பம்புக்கு அங்கே இடமே இல்லை. மைத்துனன் அதைக் கழற்றிவிட்டு ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தான். ரேடியேட்டரின் அடிக்குழாயில் மின்சாரப் பம்ப் ஒன்றைப் பொருத்தினான். சூட்டைப் பார்த்து அதன் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னப் பெட்டி. அப்புறம் வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தி, குழாய்களை அமுக்கி அமுக்கி உள்ளே மாட்டிக்கொண்ட காற்றையெல்லாம் வெளியேற்றினான். பால் குடித்த பிள்ளைக்கு முதுகைத் தட்டி ஏப்பம் வரவழைக்கிற பொறுமை, மூக்கு நுனியில் கோபம் வைத்திருக்கும் அவனுக்கு அந்த ஒரு வேலையில் மட்டும் வரும்.

இத்தனை பாடும் எதற்கு? மகள் மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேரப் போகிறாள். பழைய சின்ன இன்ஜின் அந்த ஏற்றத்தைத் தாங்காது. அவளைத் தானே கொண்டுபோய் விட வேண்டும் என்பது கடைக்காரரின் ஆசை. வீட்டில் இருந்தால் அவள் செல்போனுக்குள் இருப்பாள், அவர் கடைக்குள் இருப்பார். அப்பாவும் மகளும் நாலு வார்த்தை பேசிக்கொள்வது காரில் மட்டும்தான். இந்த மலைப்பாதையை விட்டால் இனி எப்போதோ.

மகளோ கறாராகச் சொல்லிவிட்டாள். "இன்னொரு தடவை வண்டி கொதிச்சுதுன்னா நான் பஸ்லயே போயிக்கறேன்பா. பெட்டியோட நடுரோட்டுல நிக்க என்னால முடியாது."

வண்டி கொதித்தது. பட்டறையில் எவ்வளவு முடுக்கினாலும் சமர்த்தாக இருந்தது. கடைக்காரர் ஓட்டிக்கொண்டு மேட்டுத் தெரு ஏறி வீட்டு வாசலில் நிறுத்தினால், சற்று நேரத்தில் ரேடியேட்டர் மூடிக்குள்ளிருந்து புஸ்ஸென்று தண்ணீர் பொங்கி வழிந்தது. ஓடும்போது கொதிக்காது, நின்ற பிறகுதான் கொதிக்கும். இந்த அதிசயம் ஒவ்வொரு தடவையும் நடந்தது. மகள் பஸ் நேரம் விசாரிப்பது அவர் காதில் விழுந்தது.

"உன் பம்ப் சொத்தை, மச்சான்," என்றார் போனில்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க எப்படி ஓட்டறீங்கன்னு நான் பார்க்கணும்," என்று அவனும் பதிலுக்குக் கொதித்தான்.

மறுநாள் வாசலிலேயே வந்து நின்றுகொண்டான். கடைக்காரர் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, மேடேறி வந்து நிறுத்தினார். மைத்துனன் ஓடிவந்து பானெட்டில் காதை வைத்தான். அவன் முகம் மாறியது.

"பம்ப் ஏன் ஓடல?"

"வண்டிதான் நின்னுடுச்சே. அது எதுக்கு ஓடணும்?"

"அய்யோ மச்சான், வண்டி நின்னப்புறமும் அது ஓடணும்! உள்ள தேங்கின சூட்டை வேற யாரு இறக்குவாங்க? அதுக்குத்தானே பாட்டரியிலேர்ந்து நேரா லைன் குடுத்தேன்!"

கடைக்காரர் விழித்தார். மகள் சிரிக்க ஆரம்பித்தாள். "மாமா, அப்பா கையைப் பாருங்க."

கை இருக்கைக்கு அடியில் இருந்தது. அங்கே பாட்டரியையே துண்டிக்கும் திருகு சுவிட்ச் ஒன்று. யாருக்கும் சொல்லாமல் அவரே வாங்கி மாட்டியது. அந்த வீட்டில் அவருக்குப் 'பவர்கட்' என்று ஒரு பெயர் உண்டு. ஆள் எழுந்தால் விளக்கை அணைப்பார், ஆள் இருக்கும்போதே விசிறியை அணைப்பார். இன்ஜினை நிறுத்திய பிறகும் எங்கோ ம்ம்ம் என்று ஒரு சத்தம் கேட்டால் அவருக்குப் பொறுக்குமா? கரண்ட் வீணாகிறதே என்று ஒவ்வொரு தடவையும் அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். தன் காரைத் தானே கொதிக்கவிட்டுவிட்டு, ஊரெல்லாம் பம்பைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன்.

மைத்துனனுக்கு வந்த கோபம் பாதி வழியிலேயே சிரிப்பாகிவிட்டது. அக்காளைக் கூப்பிட்டு, "இவரோட எப்படிக்கா இத்தனை வருஷம் இருட்டுல குடும்பம் நடத்தின?" என்று கேட்டான். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பஸ் பேச்சு அத்தோடு போயிற்று. கிளம்பும் நாளில் கார் ஒரு கொண்டை ஊசி வளைவிலும் முனகாமல் மலை ஏறியது. மகள் வழி நெடுக எதை எதையோ பேசினாள். கூட வேலைக்குச் சேரப் போகிறவள், வாங்க மறந்த சோப்பு, அவருடைய ரத்த அழுத்த மாத்திரை. அவர் 'உம்' கொட்டினார். நிறையப் பேச வேண்டும் என்று வந்தவர் வளைவுக்கு வளைவு ஹாரன் மட்டும் அடித்தார்.

ஆஸ்பத்திரி விடுதி வாசலில் இன்ஜினை நிறுத்தினார். பம்ப் ம்ம்ம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"அது நிக்கிற வரைக்கும் இருந்துட்டு இறங்கறேன்பா," என்றாள். இருவரும் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காவலாளி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பம்ப் நிற்கவில்லை. கடைக்காரருக்குக் கவலை வந்துவிட்டது.

"இவ்ளோ நேரம் ஓடாதே. உங்க மாமன் எதையாவது மாத்திக் கட்டித் தொலைச்சுட்டானா?"

"நான்தான் மாமாகிட்ட அது ஓடற நேரத்தைக் கூட்டி வைக்கச் சொன்னேன்."

"எதுக்கும்மா? இன்ஜினுக்கு இவ்ளோ தேவையில்லையே."

"மாமாவும் அதையேதான் சொன்னாரு. இன்ஜினுக்கு இல்லன்னு சொன்னேன். அப்புறம் ஒண்ணும் கேக்கல, கூட்டி வெச்சிட்டாரு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மகள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"பாட்டரி இறங்கிடுமாப்பா?"

"இறங்கினா இறங்கட்டும்," என்றார் பவர்கட்.