மணலைப் பெருக்கியவள்

கடைத்தெருவில் எல்லோருக்கும் அவள் ஸ்டூடியோக்காரி, வீட்டில் பாப்பா. நாற்பதைத் தாண்டியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. பல் டாக்டருக்கும் சாவி செய்கிற கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த அந்த ஸ்டூடியோவில் நாள் முழுக்கப் பாஸ்போர்ட் போட்டோ எடுப்பாள். தாடையை இறக்குங்கள், சிரிக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லிப் பழகி, சாப்பாட்டு மேசையில் யாராவது சிரித்தால்கூட அவளுக்கு வாய் துறுதுறுக்கும்.

விடுமுறை வந்துவிட்டால் ஆள் ஊரில் இருக்கமாட்டாள். பாலைவனத்துக்குப் போய்விடுவாள். மணல்மேடு என்றால் அவளுக்கு அப்படியொரு பித்து. ஆளில்லாத பொட்டலில் எதைத்தான் படம் பிடிக்கிறாளோ என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அவளுக்கும் அதை விளக்கிச் சொல்லத் தெரியாது. வெயில் ஏறுவதற்கு முன்னால் மேட்டின் ஒரு பக்கம் பழுத்த நிறத்திலும் மறுபக்கம் கருநீலத்திலும் கிடக்கும். இரண்டுக்கும் நடுவே பிளேடால் கீறியதுபோல ஒரு விளிம்பு ஓடும். அந்த விளிம்புக்காக அவள் எத்தனை தூரம் வேண்டுமானாலும் நடப்பாள்.

அவளைக் கூட்டிப்போவது அண்ணன். சுரங்க முகாமுக்குச் சாமான் ஏற்றிப்போகிற ஜீப் ஒன்று அவனிடம் இருந்தது. விடியும் முன்பே அவளை ஏற்றிக்கொண்டு போய், அவள் சொன்ன இடத்தில் நிறுத்திவிட்டு, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிடுவான். அவளுடைய படங்களை அவன் நின்று பார்த்ததில்லை. ஆனாலும் அவளை யாராவது கேலி பேசினால் விடமாட்டான். முகாமில் ஒரு மேஸ்திரி சரக்கு தாமதமாக வந்ததென்று கத்தியபோது, "எந் தங்கச்சிக்கு வெளிச்சம் காத்திருக்குமாய்யா? உன் சிமெண்டு காத்திருக்கும்" என்று சொன்னவன் அவன்.

அந்தப் பெரிய மேட்டை அவர்கள் வழி தவறிப் போய்த்தான் கண்டார்கள். காய்ந்துபோன உப்புத் தரையைச் சுற்றிக்கொண்டு போனபோது, பிறை வடிவத்தில் அது தனியாக எழுந்து நின்றது. ஒரு டயர் தடம் இல்லை, ஓர் ஒட்டகத்தின் காலடிகூட இல்லை. அவள் ஜீப்பைத் தொலைவிலேயே நிறுத்தச் சொன்னாள். தன் காலடி படத்தில் விழுந்துவிடக் கூடாதென்று மேட்டின் பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றி நடந்தாள். கேமராவுக்குப் பிளாஸ்டிக் பையை மாட்டி, ரப்பர் பேண்டால் இறுக்கி, மண்டியிட்டுக் காத்திருந்தாள். காற்று நின்றது. வெளிச்சம் சாய்ந்து விழுந்தது. எடுத்தாள்.

திரும்பும் வழியில், இந்த இடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டாள். "உன்மேல ஆணையா மூச்சு விடமாட்டேன், போதுமா?" என்றான் அவன்.

அந்தப் படம் தலைநகரத்துப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிக் கண்காட்சிக் கூடத்தில் மாட்டினார்கள். எந்த இடம் என்று கேட்டவர்களிடமெல்லாம் அவள் சிரித்து மழுப்பினாள். அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் செய்தி வந்த பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த குளிர்காலம். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று ஸ்டூடியோவுக்கு வந்தது. விளக்கைச் சரிசெய்யும் நேரத்தில் அந்தப் பெண் தன் போனில் பயணப் படங்களைக் காட்டினாள். ஸ்டூடியோக்காரி விளக்கை விட்டுவிட்டுப் போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். மேட்டின் தோள் அவளுக்குத் தெரியாதா என்ன. ஜீப் சவாரி போனோம் அக்கா, அங்கே போர்டில் உங்கள் படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள் என்று அந்தப் பெண் சந்தோஷமாகச் சொன்னாள்.

மறுநாள் ஸ்டூடியோவைச் சாத்திவிட்டு பஸ் பிடித்துப் போனாள். போர்டு இருந்தது. அதில் அவள் எடுத்த படம், அதன்மேல் அண்ணனின் போன் நம்பர். உப்புத் தரையில் வரிசையாக ஜீப்புகள். விளிம்பு என்ற ஒன்றே இல்லை. உச்சியிலிருந்து பலகைமேல் உட்கார்ந்து சறுக்கிச் சறுக்கி மேட்டைப் பள்ளமாக்கியிருந்தார்கள். அண்ணன் வாயில் விசிலோடு வண்டிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான்.

அவளைக் கண்டதும் விசிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், வேறென்ன செய்வது என்றான். மணல்தானே, பெருங்காற்று ஒன்று அடித்தால் பழையபடி ஆகிவிடும் என்றான். அவள் அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பி நடந்தாள். வேலை போனவன், பிள்ளைகள் இருக்கிறார்கள், போகட்டும் என்று பஸ்ஸில் வரும்போதே மனசைத் தேற்றிக்கொண்டாள். அந்த மட்டில் அவள் விழுங்கிக்கொண்டாள்.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. போட்டியில் அவளிடம் தோற்ற ஒருவர் அந்தச் சவாரிப் போர்டைப் பார்த்துவிட்டு, இத்தனை ஜீப் ஓடும் இடத்தில் இப்படியொரு சுத்தமான மணல் எப்படிக் கிடைக்கும், துடைப்பம் வைத்துத் தடங்களைப் பெருக்கிவிட்டுத்தான் எடுத்திருக்கிறாள் என்று போட்டிக் குழுவிடம் புகார் செய்தார். இயற்கைக் காட்சியில் கை வைத்தால் பரிசு கிடையாது என்பது விதி. குழுவினர் போனில் விசாரித்தபோது அவள் கொஞ்சமும் கலங்கவில்லை. அன்றைக்கு ஜீப் ஓட்டிவந்தது என் அண்ணன்தான், அவரையே கேளுங்கள் என்று நம்பரை அவளே கொடுத்தாள்.

அவனைக் கேட்டார்கள். ஆமாம், முந்தைய வண்டித் தடங்கள் நிறைய இருந்தன, தங்கச்சி சொன்னதால் நான்தான் பெருக்கினேன் என்று அவன் சொல்லிவிட்டான்.

பரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எந்தப் பத்திரிகையை அம்மா தெருவெல்லாம் காட்டினாளோ, அதே பத்திரிகையில் அந்தச் செய்தியும் வந்தது.

அவள் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அண்ணி அவள் முகத்தைப் பார்க்காமல், அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள். அண்ணன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

விஷயத்தை அவன் மறைக்கவில்லை. ஆள் நடமாடாத மணலில் சவாரி நடத்த அரசாங்கத்தில் அனுமதி கிடையாது. அதனால் அங்கே ரொம்ப காலமாகவே வண்டி போய்வருகிறது என்று சொல்லித்தான் அனுமதி வாங்கியிருந்தான். இப்போது போய், அன்றைக்கு மணல் சுத்தமாக இருந்தது என்று அவன் எந்த வாயால் சொல்வான்?

"அதுக்கு என்னைப் பொய்க்காரி ஆக்கிட்ட" என்றாள்.

"உனக்குப் போனது பரிசு. எனக்கு அனுமதி போனா சோறே போயிடும், பாப்பா."

"நான் மணலைப் பெருக்கச் சொன்னேனா? எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லு."

அவன் பூட்ஸைக் கீழே வைத்தான். "இல்ல" என்றான்.

"இதை அவங்ககிட்டயும் சொல்லு."

"முடியாது."

உள்ளே தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணி அதை நிறுத்தவில்லை. தங்கை அங்கிருந்து கிளம்பி வந்துவிட்டாள்.

கடைத்தெருவுக்கு அது நல்ல தீனியாயிற்று. போட்டோவுக்கு வந்த ஒரு பெரிய மனிதர் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தபடி, இந்த மருவையும் பெருக்கிடும்மா, உனக்குக் கைவந்த கலையாச்சே என்றார். சாவிக்கடைக்காரர் சிரிப்பை அடக்கத் திரும்பி நின்றுகொண்டார். அவள் வழக்கம்போல, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க என்றாள்.

அம்மாவிடம் அழுதால் ஆறும் என்று நினைத்தாள். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அவன் பொண்டாட்டி புள்ளைன்னு இருக்கறவன். நீ தனிக்கட்டை. நீதான் கொஞ்சம் விட்டுக்குடுக்கணும்" என்றாள். பத்திரிகையில் வந்தது குத்தியதைவிட இது ஆழமாகக் குத்தியது. தன்னிடம் இருந்த ஒன்றே ஒன்றைத்தான் பறித்துவிட்டார்கள் என்பது அம்மாவுக்கு ஏன் புரியவில்லை என்று யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை காய்ந்தது.

அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. மணல் புகுந்து அவளுடைய நீள லென்ஸ் திரும்பாமல் இறுகிப்போயிருந்தது. மாற்று வாங்க அவளுக்கு வசதி இல்லை என்பதை அம்மா போய் அவனிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு மத்தியானம் அம்மா வீட்டில் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் வந்தான். ஒரு பெட்டியை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். பல வருஷமாகக் கடைக் கண்ணாடி வழியே அவள் பார்த்துக்கொண்டிருந்த லென்ஸ். மன்னிப்பு என்ற பேச்சு எதுவும் இல்லை. வண்டி வெளியில் நிற்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

எடுத்து அவன் முதுகில் எறிய வேண்டும் என்றுதான் அவளுக்குக் கை பரபரத்தது. எறியவில்லை. சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தாள். அதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தீர்ந்தது என்ற நிம்மதி அம்மாவின் முகத்தில் தெரிந்தது.

இப்போது அவள் பஸ்ஸில் ஏறி, வேறு திசையில், யாரையும் கூட்டிக்கொள்ளாமல் போய்வருகிறாள். எடுத்த படங்களை எவருக்கும் காட்டுவதில்லை. போட்டி எதற்கும் அனுப்புவதில்லை. அண்ணன் சவாரிக் காசில் வாங்கிய அந்த லென்ஸில் விளிம்பு முன்னைவிடக் கூர்மையாக விழுகிறது. ஒவ்வொரு படமும் அருமையாக வருகிறது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.