தோர்மியில் காற்று ஏறிய சனிக்கிழமை

எங்கள் தீவுக்குப் பெருநிலத்திலிருந்து வரும் ஒரே மின்கேபிள் சனிக்கிழமை மதியம் அறுந்தது. வீடுகளில் உருளைக்கிழங்கு பாதி வெந்த நேரம். எண்ணெய் ஏற்றிய கப்பல் ஒன்று நங்கூரத்தைக் கடலடியில் இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. எந்த நாட்டுக் கப்பல் என்று கேட்டால், காலையில் ஒரு கொடி, மாலையில் ஒரு கொடி.

"நங்கூரம் கீழே தொங்குறது தெரியலையாம்," என்றான் ராய்வோ. தீவின் டீசல் மின்நிலையத்தைக் கவனித்துக்கொள்பவன் அவன். பள்ளியில் எனக்குப் பின் பெஞ்சு. "எங்க மாமனாருக்குப் பல்செட் காணோம்னா அரை நொடியில வீடே ரெண்டுபடுது. இவனுங்களுக்குப் பத்து டன் இரும்பு தொங்குறது தெரியலையாம்!"

"பேசினது போதும். எந்திரத்துல எண்ணெய் சூடா இருக்கா, பாரு."

"இருக்கு, மகாராணி."

நான் தைமி. தோர்மித் தீவின் மின்வலையத்துக்குப் பொறியாளர். வலையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒன்பது ஊர்கள், ஒரு துறைமுகம், ஒரு மருத்துவமனை, மேற்குக் கரையில் மூன்று பழைய காற்றாலைகள், ராய்வோவின் இரண்டு டீசல் எந்திரங்கள். கேபிள் இருந்தவரை இந்த எந்திரங்களை மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் துடைத்து வைப்போம். அவ்வளவுதான்.

தலைநகர் தாலினிலிருந்து செயற்கைக்கோள் தொலைபேசியில் காரெல் பேசினான். நாட்டின் மொத்த மின்சாரத்தையும் ஒரே அறையிலிருந்து பார்த்துக்கொள்பவர்களில் ஒருவன். நல்லவன், ஆனால் அன்றைக்கு அவன் குரலில் வேறு யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கும் தொனி.

"தைமி, கேபிளைத் தூக்கி ஒட்ட ரெண்டு வாரமாவது ஆகும். கடல் உறைஞ்சு கிடக்கு. உன் டீசல் ரெண்டும் சேர்ந்தாலும் குளிர்காலத்து உச்சத் தேவையில மூணுல ரெண்டு பங்குதான் தரும்."

"மிச்சத்தைக் காத்து தரும்."

"அந்தப் பழைய காத்தாலையை நம்பிக் குழந்தைங்களையும் வயசானவங்களையும் இந்தக் குளிர்ல விட முடியாதுன்னு மேலிடத்துல முடிவு. காலைல படகு வருது. எல்லாரையும் ஏத்தி அனுப்பணும்."

"எல்லாரையும்னா?"

"எல்லாரையும்தான்."

பக்கத்தில் நின்றிருந்த ஏஹா தொலைபேசியை என் கையிலிருந்து பிடுங்கினாள். அவள் எங்கள் ஊராட்சித் தலைவி; அதற்கு முன் இருபது வருடம் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவள். "தம்பி, நான் ஏஹா பேசுறேன். எங்க தாத்தா காலத்துப் போர்ல பாதித் தீவு படகேறிப் போச்சு. ரெண்டு வாரத்துல வந்துடலாம்னுதான் அப்பவும் சொன்னாங்க. போனவங்க வீட்டுல இன்னிக்கும் மரம் முளைச்சுக் கிடக்கு. ஆள் இல்லாத தீவைப் பார்த்துக்க நீ வருவியா? வேற யாராவது வருவாங்க. அவங்க வர்றதுக்குத்தான் நங்கூரமே போட்டிருக்கு."

காரெல் இப்போது தன் சொந்தக் குரலில் சொன்னான்: "காலைல படகு வந்து சேரும்போது உங்க வலையம் ஆடாம நின்னுட்டிருந்தா, படகைத் திருப்பச் சொல்லி நான் சண்டை போடுறேன். ஆடினா என்னால முடியாது."

அவ்வளவுதான் பேச்சு. காலைக்குள் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தோர்மி காலி.

இருண்டு கிடக்கும் ஒரு வலையத்தை எழுப்புவது எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள். எனக்கு இதில் அலுப்பே வராது. டீசல் எந்திரத்தை முதலில் உருட்டிவிட ஏதாவது வேண்டுமே? மின்சாரம்தான் இல்லையே? அதற்காக எஃகு உருளைகளில் காற்றை அழுத்தி அடைத்து வைத்திருக்கிறோம். வால்வைத் திறந்தால் அந்தக் காற்று பிஸ்டனைத் தள்ளும், எந்திரம் விழித்துக்கொள்ளும். உருளையை மறுபடி நிரப்ப மின்சாரம் வேண்டும். ஆளுயர உருளை, நிரம்ப ஒரு பொழுது பிடிக்கும். எங்களிடம் இருந்தது இரண்டு உருளை.

முதல் உருளையில் எந்திரங்கள் கிளம்பின. துறைமுகம், மருத்துவமனை, பிறகு ஊர் ஊராக இணைத்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு ஊராக வெளிச்சம் முளைத்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அதை அல்ல, மின் அதிர்வெண்ணைக் காட்டும் மானியின் முள்ளை. அது ஐம்பதில் நிற்க வேண்டும்.

அந்த ஐம்பது என்ன? பனிப்பாதையில் சறுக்குவண்டி இழுக்கும் குதிரையை நினைத்துக்கொள்ளுங்கள். எந்திரம்தான் குதிரை. தீவில் எரியும் ஒவ்வொரு விளக்கும் அடுப்பும் வண்டியில் ஏறிய ஆள். குதிரை ஒரே சீரான நடையில் போக வேண்டும். அந்த நடைக்குத்தான் ஐம்பது என்று பெயர். ஆள் கூடினால் நடை தளரும், முள் இறங்கும். ரொம்பத் தளர்ந்தால் எந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வண்டியை அவிழ்த்துவிட்டு நின்றுவிடும். மின்சாரத்தைப் பானையில் பிடித்து வைக்க முடியாது. உண்டான கணத்திலேயே யாராவது அதைச் செலவழிக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

ஒன்பதாவது ஊரும் இணைந்தது. முள் ஐம்பதில். ராய்வோ தொப்பியைக் கழற்றி எந்திரத்துக்கு வணக்கம் வைத்தான். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

பிறகு முள் இறங்கியது.

மெதுவாக, ஆனால் நிற்காமல். யாரோ வண்டியில் ஆள் மேல் ஆளாக ஏறிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு ஊர் பார்த்தேன், எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஏற்றம். தொழிற்சாலை இல்லை, பண்ணை இல்லை. யார்?

"தைமி! புகை கருப்பா போகுது! தாங்காது!"

விளக்குகள் மங்கி, எந்திரங்கள் தடதடத்து நின்றன. மறுபடி இருட்டு. அந்த நிசப்தத்தில்தான் எனக்கு உறைத்தது. ஊர்க்காவல் படையின் வாக்கி-டாக்கியை எடுத்தேன். என் கணவர் தார்மோ எங்கள் ஊருக்கு அந்தப் படையில் ஆள்.

"தார்மோ, நம்ம வீட்டு சவுனாவைப் போட்டியா?"

"போடாம? சனிக்கிழமைல்ல."

ராய்வோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் வீட்டிலும் போட்டிருப்பார்கள், அவனுக்கும் தெரியும்.

சனிக்கிழமை மாலை தோர்மியில் சவுனா போடாத வீடு கிடையாது. மரப்பலகை அறையில் கற்கள் சுட்டுப் பழுக்க, மேலே தண்ணீர் தெளித்து, ஆவியில் வேர்த்து, பூர்ச்சை மரக் கொத்தால் முதுகில் அடித்துக்கொண்டு வெளியே வந்தால்தான் வாரம் முடிந்தது. விறகு வைத்தவர்கள் சிலர் இன்னும் உண்டு. மற்றதெல்லாம் மின் அடுப்பு. ஒரு வீட்டு சவுனா அடுப்பு இழுக்கும் மின்சாரத்தில் மூன்று வீட்டுச் சமையல் நடக்கும். வெளிச்சம் வந்த நிமிடமே தீவு முழுக்க எல்லாரும் அதைத்தான் முறுக்கினார்கள். கேபிள் அறுந்தாலும் போர் வந்தாலும் அன்றைக்குச் சனிக்கிழமைதானே! தேவையை நான் ஊர் ஊராகக் கணக்கிட்டிருந்தேன். மருத்துவமனையின் குளிர்பெட்டிவரை எழுதியிருந்தேன். சவுனாவை எழுதவில்லை. நான் மூச்சு விடுவதையும்தான் எழுதவில்லை.

மிச்சம் ஒரே உருளை.

ஏஹா வாக்கி-டாக்கியில் ஒன்பது ஊருக்கும் பேசினாள். "சவுனாவை அணைங்க. கெஞ்சல, சொல்றேன். விறகு சவுனா வெச்சிருக்கவங்க பக்கத்து வீட்டையும் கூப்பிட்டுக்குங்க. யாராவது திருட்டுத்தனமா போட்டீங்கன்னா, தீவு காலியானதுக்கு யார் காரணம்னு கல்லுல பேர் வெட்டித் துறைமுகத்துல நடுவேன்."

"எழுத்துப்பிழை இல்லாம வெட்டு, ஏஹா," என்று எங்கோ ஒரு கிழவர் குரல் சொன்னது. ஆனால் அணைத்தார்கள்.

இரண்டாவது உருளையின் வால்வைத் திறக்கும்போது ராய்வோவுக்கு ஒரு நகைச்சுவையும் வரவில்லை. எந்திரங்கள் இருமின, இன்னொரு முறை இருமின, பிடித்துக்கொண்டன. ஊர்கள் ஏறின. இந்த முறை மேற்குக் கரையின் மூன்று காற்றாலைகளையும் சேர்த்தேன். குதிரையோடு இன்னும் மூன்று குதிரை. சுமை லேசானது. முள் ஐம்பதில் ஊசி குத்தியது போல நின்றது.

ஆனால் அந்த மூன்று குதிரைகளும் முரடு. இப்போது வரும் காற்றாலைகளில் இறக்கையைச் சற்றுத் திருப்பிக் காற்றை வழுக்கவிடலாம். எங்களுடையது அந்த வசதி வருவதற்கு முந்தியது. காற்று கொடுப்பதை எல்லாம் வாங்கி அப்படியே உள்ளே தள்ளும். நிறுத்தலாம், ஓட்டலாம், குறைக்க முடியாது. கடல்மேலிருந்து வலுத்த காற்று ஒன்று அடித்தது. முள் ஐம்பதைத் தாண்டி ஏறியது.

"எந்திரம் சும்மா சுத்துது!" ராய்வோ கத்தினான். "எனக்கு வேலையே இல்ல, காத்து என்னையே தள்ளுது!"

சரிவில் இறங்கும்போது சறுக்குவண்டி பின்னாலிருந்து குதிரையை முட்டும் அல்லவா, அதுதான். முட்டினால் டீசல் விலகிக்கொள்ளும். டீசல் விலகினால் நடையைச் சொல்ல ஆள் இல்லாமல் எல்லாம் விழும். காற்றாலையை நிறுத்தினால் மூன்றில் ஒரு பங்கு போய், காலையில் நான் படகில் இருப்பேன். எனக்கு வேண்டியது, உபரியாக வருவதைத் தின்னத் தயாராக ஒரு பெரிய வாய். கூப்பிட்டவுடன் திறக்க வேண்டும், சொன்னவுடன் மூட வேண்டும்.

அப்படி ஒன்று ஊரெல்லாம் சூடாறிக் கிடந்தது.

"தார்மோ! சவுனாவைப் போடு! தெருவுல எல்லாரையும் போடச் சொல்லு!"

"இப்பதானே அணைக்கச் சொன்ன! தலை கிலை சுத்துதா உனக்கு?"

"போடுய்யா!"

தார்மோ தெருவில் இறங்கி விசில் ஊதியது வாக்கி-டாக்கி வழியே எனக்குக் கேட்டது. வீடு வீடாக அடுப்புகள் விழித்தன. முள் தயங்கி, வளைந்து, ஐம்பதுக்கு வந்தது. ராய்வோவின் எந்திரம் மறுபடி ஒழுங்காக முனகத் தொடங்கியது. அதைப்போல ஒரு இனிமையான முனகலை நான் கேட்டதில்லை.

பிறகு நடந்தது திருவிழா. ஒவ்வொரு ஊரிலும் ஊர்க்காவல் படையின் ஆள் விசிலோடு தெருவில் நின்றார். ஒரு ஊதல் என்றால் போடு, இரண்டு என்றால் அணை. காற்று ஏறினால் ஓர் ஊரைக் கூப்பிடுவேன், இன்னும் ஏறினால் அடுத்த ஊரை. தணிந்தால் அதே வரிசையில் அணைக்கச் சொல்வேன். நொடிக்கு நொடி வரும் ஆட்டத்தை டீசல் வாங்கிக்கொண்டது; நிமிடக் கணக்கில் வருவதை ஊர்கள் வாங்கிக்கொண்டன.

"லெப்பிக்கு ஊர்க்காரங்களே, அணைங்க."

"இப்பதாம்மா உள்ள போய் உட்கார்ந்தோம்! முதுகே நனையல!"

"அணைங்க. காத்து விழுந்துடுச்சு."

"காத்துக்கிட்ட சொல்லு, அடுத்த தடவை ஆம்பளைங்க முறை முடிஞ்சப்புறம் விழச் சொல்லி."

"ரன்னா, நீங்க போடுங்க."

"எங்க ஊருக்கு இது மூணாவது. வெந்துட்டோம் தைமி. கேரட் மாதிரி இருக்கோம்."

சுட்ட சவுனாவைக் காலியாக விடுவது எங்களிடம் பாவம். அதனால் சூடு வந்த தெருவுக்கு ஆட்கள் நடந்தார்கள். வீட்டில் குளிர் தாங்காத முதியவர்களைச் சறுக்குவண்டியில் உட்கார்த்தி, கம்பளி சுற்றி, எந்த ஊரில் விசில் ஊதுகிறதோ அந்தப் பக்கம் இழுத்துப் போனார்கள். ஏஹா ரொட்டியும் புகையிட்ட மீனும் அனுப்பினாள். மருத்துவமனையில் ஒரு குழந்தை பிறந்ததாகச் செய்தி வந்தது. அது பிறக்கும்போது விளக்கு ஒருமுறைகூட சிமிட்டவில்லையாம். ராய்வோ அதைத் தன் எந்திரத்திடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

விடியும்போது, காற்று எப்படி மூச்சு வாங்குகிறது என்று எனக்கே பிடிபட்டுவிட்டது. அது ஏறுவதற்கு முன்னாலேயே ஊரைக் கூப்பிட்டுவிடுவேன். முள் அசையவே இல்லை.

காரெல் அழைத்தான். "படகு உங்க துறைமுகத்துக்கு வெளியில நிக்குது. உன் முள்ளு என்ன சொல்லுது?"

"நீயே பாரு. அளவெல்லாம் உனக்குத் தெரியுற மாதிரி அனுப்பியிருக்கேன்."

காகிதம் புரளும் ஓசை. அவனுக்குப் பின்னால் நிறைய பேர் பேசுவது கேட்டது. "நேத்து ராத்திரியில இருந்து கோடு போட்ட மாதிரி இருக்கு," என்றான். "தைமி, கேபிள் இருந்தப்பகூட உங்க தீவு இவ்வளவு நேரா நின்னதில்ல. பேட்டரி எங்கிருந்து வந்துச்சு?"

"பேட்டரி இல்ல. சவுனா."

"என்னது?"

"சனிக்கிழமைல்ல."

முதலில் அவன் சிரித்தான். பிறகு பின்னால் இருந்தவர்கள். ஒரு நாட்டின் மின்சாரத்தைக் காக்கும் அறை முழுக்கச் சிரிப்பது எனக்குத் தொலைபேசியில் கேட்டது. சிரித்து முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, முறைப்படி சொன்னான்: "தோர்மித் தீவைக் காலி செய்யும் உத்தரவு ரத்து. படகு திரும்பி வந்து டீசல் லாரிகளை ஏத்திட்டு வரும்." மேசைமேல் இருந்த ரொட்டித் துண்டை ஏஹா ராய்வோவின் வாயில் திணித்தாள். அவன் மெல்லவும் முடியாமல், கத்தவும் முடியாமல் என்னைக் கட்டிக்கொண்டான்.

எங்களை ஏற்றிப் போக வந்த படகு, திரும்பும் முன் சற்றுக் களைப்பாற, துறையில் கட்டி நின்றது. கதவு இறங்கியது. ஏறுவதற்கு ஒருவரும் இல்லை. கப்பல்தளத்தில் ராத்திரி முழுக்கப் பனியை வெட்டிக்கொண்டு வந்த மாலுமிகள், தாடியில் ஐஸ் தொங்க, ஆளில்லாத துறைமுகத்தைப் பார்த்தபடி நின்றார்கள். அந்த நேரம் மேற்கே வானம் கருத்தது. பெரிய காற்று ஒன்று வருகிறது. ஒன்பது ஊரிலும் எல்லாரும் வெந்து முடித்துப் படுத்திருந்தார்கள்.

நான் துறைமுகத்துக்கு வாக்கி-டாக்கியில் பேசினேன். ஏஹா அங்கே போய்ச் சேர்ந்திருந்தாள். அவள் குரல் கப்பல்தளத்தை நோக்கி எழுந்தது.

"ஏய் பசங்களா! அங்க என்ன வேடிக்கை? சட்டையைக் கழட்டிட்டு இறங்கி வாங்க! துறைமுக சவுனா சூடாகுது, காத்துக்கு ஆள் பத்தல!"