சமையற்கட்டுக்கு மேலே

கிளிமஞ்சாரோவில் என் மலை உச்சிக்குக் கீழே கடைசித் தங்குமிடமான கிபோ குடிசையோடு முடிந்துவிடும். அதற்கு மேலே இருப்பது, காசு கொடுத்து ஏற வரும் விருந்தாளிகளின் மலை. நான் சமையல்காரன், அவர்கள் உச்சியைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே இறங்கி வரும்போது சூப் கிண்ணத்தை நீட்டுபவன். சுமைக்காரர்கள் என்னை 'வயித்து இன்ஜினியர்' என்பார்கள். என் வயிற்றைப் பார்த்தால் முறையாகப் படித்து வாங்கிய பட்டம் என்றே தோன்றும்.

ஹைக்காவின் மலையும் அங்கேதான் முடிந்தது. அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், ஒருமுறை யாரோ ஒரு விருந்தாளியின் மடக்கு நாற்காலி என்று எல்லாவற்றையும் கிபோவரை சுமந்தவள். வழிகாட்டிப் பயிற்சிக்குத் தன் பெயரை அனுப்பும்படி தலைமை வழிகாட்டி தெமுவிடம் கேட்டாள். மலையடிவாரத்து மாராங்குவின் வாழைப்பழ பீர்க் கடையில், அத்தனை பேர் முன்னால் தெமு சிரித்தார்.

"உச்சியைப் பாத்திருக்கியாம்மா நீ? சுமை தூக்குற கழுத்து வேற, மலை ஏறுற நெஞ்சு வேற."

"கூட்டிட்டுப் போங்க, காட்டுறேன். ஏறிட்டா என் பேரை அனுப்பணும்."

"சரி, வா. பெருமழைக் காலத்துல எனக்கும் வேலை இல்ல. ஆனா கூட வர்றதுல ஒருத்தருக்கு முடியலைன்னாலும் மொத்தப் பேரும் இறங்கிடணும். வழிகாட்டி நான் ஒருத்தன்தான்."

மாசாவே எழுந்து, "நான் வர்றேன்" என்றான். அவனும் சுமைக்காரன், ஒல்லி, வாய்க்கு மட்டும் சதை உண்டு. அவனைப் பார்த்து நானும் எழுந்தேன். பீரும் கொஞ்சம் கைகொடுத்தது.

"அமினியேலி, நீயுமா?" என்றார் தெமு. "அப்ப மலை எதுக்கு? உன் மேலயே ஏறி இறங்கிடலாமே."

காட்டுக்குள் மழையில் தொடங்கினோம். தப்பும் அங்கேயே தொடங்கியது. உயரம் தலையைத் தாக்காமலிருக்க விருந்தாளிகளிடம் "மெதுவா, மெதுவா" என்று சொல்பவர்கள் நாங்கள். சொல்லிவிட்டு அவர்களைத் தாண்டி ஓடுபவர்களும் நாங்களே. முன்னால் போய் உலை வைக்க வேண்டுமே! இப்போது விருந்தாளியும் இல்லை, உலையும் இல்லை. ஆனால் அது கால்களுக்குத் தெரியவில்லை. தெமுவைப் பின்னால் விட்டு மண்டாரா குடிசைக்கு ஓடினோம். மறுநாள் அடுத்த குடிசையான ஹொரோம்போவுக்கும் ஓடினோம். அதற்கு மேலே பொட்டல்வெளியில் பனி முழங்கால்வரை கிடந்தது, அங்கேயும் ஓடினோம். ஓட்டம் என்று மாசாவேதான் சொன்னான். என்னைப் பொறுத்தவரை அது உருளல்.

கிபோவில் விடிந்தபோது என் தலைக்குள் யாரோ மக்காச்சோளம் இடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே, முகம் இப்படிக் கிடக்கு?" என்றாள் ஹைக்கா.

ஒன்றுமில்லை என்று எழுந்தேன். சுவர் சாய்ந்தது. மறுபடி உட்கார்ந்தேன்.

தெமுவுக்கு முகம் மலர்ந்தது. "முடிஞ்சுது. மூட்டையைக் கட்டுங்க. சீக்காளியோட நான் இறங்கணும். பேச்சுன்னா பேச்சு."

பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த ஹைக்கா அதை மெல்ல அவிழ்க்க ஆரம்பித்தாள். "உன் உடம்புதான் முக்கியம்ண்ணே. இறங்கிடுவோம்." என் பக்கம் திரும்பவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"யாருய்யா சீக்காளி?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இந்தக் குடிசையில எனக்கு எத்தனை தடவை தலைவலி வந்திருக்கு! அப்பல்லாம் 'அமினியேலி, சூப்பை வை'ன்னு சொல்லிட்டு நீங்க பாட்டுக்கு மேல போயிடுவீங்க. என்னை இறக்கிவிட ஒருநாளாவது நின்னீங்களா? அன்னைக்கெல்லாம் சீக்கு இல்ல, இன்னைக்கு மட்டும் சீக்கா? நான் ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன். சமையல்காரன் மலை இங்கதான் முடியுதுன்னு வச்சது நீங்கதானே? அப்ப நான் ஏறி முடிச்சாச்சு! எனக்கு முடியலைன்னு எவன் சொன்னது?"

மூலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த குடிசைக் காவலாளிக்குப் புரையேறியது. "நான் இவரைப் பாத்துக்கறேன், தெமு. மோசமானா ஆள் வச்சு ஸ்ட்ரெச்சர்ல இறக்கிடறேன்."

"ஸ்ட்ரெச்சர் தாங்குமா?" என்றான் மாசாவே.

தெமு என்னையே பார்த்தார். பையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

விருந்தாளிகளை இருட்டில்தான் கூட்டிப்போவார்கள். இவர்கள் வெளிச்சத்தில் கிளம்பினார்கள். "சரிவு கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அவங்களுக்கு இருட்டு. நாங்க அதை முறைச்சுக்கிட்டே போறோம்" என்றான் மாசாவே. ஹைக்கா இந்த முறை ஓடவில்லை. ஒரு காலை வைத்து, மூச்சு விட்டு, அடுத்த காலை வைத்தாள்.

காவலாளியின் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். வெள்ளைச் சரிவில் மூன்று புள்ளிகள். பாதியில் நடுப்புள்ளி உட்கார்ந்துவிட்டது. எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் மலையைப் பார்த்துச் சொன்னேன். முன்னால் போன புள்ளி திரும்பி இறங்கி வந்து அதன்முன் நின்றது. என்ன திட்டியதோ, இங்கே கேட்கவில்லை. உட்கார்ந்த புள்ளி துள்ளி எழுந்தது. வெகுநேரம் கழித்து முதல் புள்ளி விளிம்பைத் தாண்டியது. அதற்குப் பை முதுகில் இல்லை, தலையில் இருந்தது. ஹைக்காதான். எனக்குக் கண்ணில் தண்ணீர். பனி கூசியது என்று காவலாளியிடம் சொன்னேன்.

சாயங்காலம் மூவரும் வந்து சேர்ந்தார்கள். மாசாவேயின் வாய் பிறந்ததிலிருந்து முதல்முறையாக மூடியிருந்தது. தெமு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார், சூப் கொடுத்தேன். கோபம் வேறு, பசி வேறு.

"உச்சியில என்னம்மா இருந்துச்சு?" என்று ஹைக்காவைக் கேட்டேன்.

"ஒரு பலகை. காத்து. இதுக்காண்ணே நம்மள சமையற்கட்டுக்கு மேல விடல?"

கிண்ணத்தை வாங்காமல் தெமு முன்னால் போய் நின்றாள்.

"உக்காரு, முதல்ல குடி" என்றார் அவர்.

"என் பேரு?"

"அனுப்புறேன்." சற்று நிறுத்தி, சூப்புக்குள் பார்த்துக்கொண்டே கேட்டார்: "முழுப் பேரு என்ன?"

இத்தனை வருஷமாக அவருடைய மூட்டைகளைச் சுமந்தவள்.

"ஹைக்கா ந்தேதியோ லியாட்டு."

"ஹைக்கா ந்தேதியோ..." என்று முணுமுணுத்தார்.

"சத்தமா."

சத்தமாகச் சொன்னார். இன்னொரு முறை சொல்லவைத்துவிட்டுத்தான் அவள் கிண்ணத்துக்குக் கை நீட்டினாள்.