லான்வெரினில் காற்று

சாரங்கனின் கைபேசியில் இரண்டு ஊர்களின் வானிலை இருந்தது. முதலாவது மொன்றியல்: மைனஸ் பதினொன்று, மாலையில் பனி. இரண்டாவது லான்வெரின்: ஒன்பது பாகை, தென்மேற்குக் காற்று, நாளை மழை. கார் ஓட்டிக்கொண்டே, மண்டபத்துக்கு வழி பார்க்கச் சொல்லிக் கைபேசியைத் தந்திருந்தான். என் விரல் தவறி அந்தப் பக்கம் திறந்துவிட்டது.

லான்வெரின் எங்கே என்று நான் கேட்கவில்லை. எனக்குச் சட்டென்று கேட்க வராது. வீட்டுக்கு வந்து தேடினேன். வேல்ஸின் மேற்குக் கரை. அறுநூறு பேர். ஒரு தேவாலயம், ஒரு சின்ன ஹோட்டல், பிறகு கடல்.

சனிக்கிழமை எனக்கும் சாரங்கனுக்கும் எழுத்து. பதிவாளர் முன்னால் கையெழுத்து வைத்துவிட்டால் சட்டப்படி மனைவி, தாலி சித்திரையில். அம்மா மூன்று மாதமாக அவனைப் பற்றி விசாரித்திருந்தாள். பரிசில் பெரியம்மா, ஸ்காபரோவில் மாமி, லண்டனில் அவன் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் வரை. லண்டனில் படித்தவன், நல்ல பெடியன் என்றார்கள். லான்வெரினில் விசாரிக்க எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன்.

"காலநிலை பாக்கிறதும் குற்றமோ? உன்ர கொப்பர் முப்பது வருசமாச் சுன்னாகத்தில மழையோ எண்டு பாக்கிறார்."

"அப்பா அங்க பிறந்தவர்," என்றேன்.

புதன்கிழமை காரில் அவனிடமே கேட்டேன். சிவப்பு விளக்கு பச்சையானதும் காரை எடுத்தான். பிறகு சொன்னான். லண்டனில் படித்த காலத்தில், ஒரு கோடை தொடங்குமுன், லான்வெரின் ஹோட்டல் சமையலறையில் நிஷான் என்ற நண்பனோடு வேலை செய்தானாம். நிஷான் கடலில் குளிக்கப் போய்த் திரும்பவில்லை. சம்பந்தம் பேசுகிற நேரத்தில் சாவுக் கதை வேண்டாம் என்று தன் தாய் தடுத்துவிட்டாராம்.

"அண்டைக்குப் பெரிய காத்து. போகாத எண்டு சொன்னனான். அவன் கேக்கேல்லை."

எப்போது என்று கேட்டேன். இரண்டாயிரத்துப் பத்தொன்பது, மே பதினாலு, பின்னேரம் நாலு மணி என்றான். யோசிக்காமல் சொன்னான். எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் மதிய இடைவேளையில் தேடினேன். நிஷான் இறந்தது உண்மை. உள்ளூர்ச் செய்தித்தாளில் நான்கு வரி, அதே திகதி. வானிலை நிலையம் லான்வெரினிலிருந்து ஆறு கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. மணித்தியாலப் பதிவுகள் திறந்தே கிடந்தன. பின்னேரம் மூன்று மணிக்குக் காற்றின் வேகம் நான்கு கிலோமீற்றர். நான்கு மணிக்கு மூன்று. ஐந்து மணிக்கு ஒன்றுமில்லை. நேர வித்தியாசத்தைச் சரிபார்த்தேன். முதல்நாளையும் பார்த்தேன், அடுத்த நாளையும். அந்த வாரம் முழுவதும் அந்தக் கரையில் காற்றே அடிக்கவில்லை.

நினைவு காற்றைக் கூட்டிச் சொல்லும். அது எனக்குத் தெரியும். ஆனால் காற்று இல்லையென்றால் எதற்காகப் போகாதே என்றான்? போகாதே என்று சொன்னானா?

சனிக்கிழமை காலை அம்மா என் சேலை மடிப்புக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். எழுத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா என்று கேட்டேன். அவள் கை நின்றது.

"ஏன், அவன் ஏதும் பிழையாக் கதைச்சவனோ?"

"அண்டைக்குக் காத்து அடிக்கேல்லை, அம்மா."

அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

ஜன்னலுக்குக் கீழே சாரங்கன் காரின் பனியை வழித்துக்கொண்டிருந்தான். நான் உட்காரும் பக்கத்துக் கண்ணாடி தெளிவாகத் துடைத்து முடிந்திருந்தது. அவன் பக்கம் இன்னும் வெள்ளையாக மூடிக் கிடந்தது.