இரண்டு விரல் ஆட்டம்

நஸ்மியாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று ரத்தோட்டை முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டான் அவள் புருஷன் பஸ்லி. அவள் வாப்பா விட்டுப்போன பழைய ஜீப்பில், தோட்டத்தில் விளைந்த போஞ்சிக்காய் மூட்டைகளை ஏற்றி, தம்புள்ளைச் சந்தைவரை தானே ஓட்டிப்போய் விற்று வருகிறவள் அவள். நாலு பேர் அவளை மெச்சிப் பேசியதில் இவனுக்கு வயிறு எரிந்தது. ஜீப் நேராகப் போகாமல் அலைகிறது என்று அவளே வாய்விட்டுச் சொன்னதும் பிடித்துக்கொண்டான்.

தீர்ப்புச் சொல்ல அவளுடைய அண்ணன் நிஸ்தார் நானா வந்திருந்தார். கோளாறு ஜீப்பில் என்றால் சாவி அவளிடமே இருக்கும். அவள் கையில் என்றால் பஸ்லியிடம் போய்விடும்.

கராஜில் வேலை பார்த்த பஸ்லி ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்தான். நஸ்மியா மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக அசைத்தாள். இரண்டு விரல் அகலத்துக்கு அது சும்மா சுற்றியது. அப்புறம்தான் சக்கரம் அசைந்தது. அசைக்கும்போதெல்லாம் அடியில் 'டக்' என்றது.

"சக்கரத்துக்கிட்ட இருக்கிற குண்டு மூட்டுல கைய வச்சுப் பாருங்க," என்றாள்.

வைத்தான். மறுபடியும் டக். அவன் கை சட்டென்று பின்வாங்கியதைக் கதவு வழியே குனிந்திருந்தவள் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல மச்சான், கல்லு மாதிரி இருக்கு. எல்லாம் இவ கைதான்."

நிஸ்தார் பெருமூச்சு விட்டார். "சரி தங்கச்சி. போஞ்சியும் பறிச்சாச்சு. நாளைக்கு இந்த ஒரு லோட மட்டும் போட்டுட்டு வந்து சாவியக் குடுத்துடு."

"அதுக்கென்ன, போகட்டுமே," என்றான் பஸ்லி, கையைத் துடைத்துக்கொண்டே.

நஸ்மியா அவன் கையையே பார்த்தாள். மலைப்பாதையில் அந்த மூட்டு கழன்று, ஸ்டியரிங்குக்குச் சக்கரம் அடங்காமல் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவன். தெரிந்துதான் போகட்டும் என்கிறான், பாவி.

"ரெண்டு பேரும் ஏறுங்க. என் கை லட்சணத்த நீங்களே பாருங்க."

மாட்டேன் என்றால் மூட்டு கெட்டிருப்பதைத் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஏறினான்.

முதல் வளைவிலேயே வண்டி பள்ளத்துப் பக்கம் ஒதுங்கியது. இரண்டாவதில் பஸ்லி அலறிவிட்டான். "மெதுவா போடி! குண்டு தேஞ்சு போயிருக்கு, கழண்டுரும்!"

பின்னால் இருந்த நிஸ்தார் முன்னால் எட்டி அவன் முகத்தைப் பார்த்தார். நஸ்மியா அந்த இறக்கத்திலேயே வண்டியை நிறுத்தினாள்.

"இறங்கிக் கீழ போய், மறுபடி ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

"இங்கயா? ஹேண்ட் பிரேக் பிடிக்காதே!"

"என் கால் பிரேக்லதான் இருக்கு. இல்லேன்னா இப்படியே மலையிறங்கி மாத்தளைக்குப் போவோம்."

பஸ்லி மச்சானைப் பார்த்தான். மச்சான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி, அடியில் ஊர்ந்து போனான். அவள் ஸ்டியரிங்கை அசைத்தாள்.

"என்ன?"

"ஆடுது."

"நானாவுக்குக் கேக்கல்ல."

"ஆடுது! அல்லாவே, ஆடுது! நான் வெளிய வரட்டா?"

"இருங்க, இன்னொருக்காப் பாத்துருவோம்," என்றாள் நஸ்மியா. பிரேக்கை மிதித்திருந்த கால் அவளுக்கு மரத்துப்போகத் தொடங்கியிருந்தது.