பழைய இரும்புக்குப் போன ஜெனரேட்டர்

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஜெனரேட்டர் மெக்கானிக் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். மேலாளர் இருக்கையில் இல்லை. வரவேற்பில் இருந்தவள், "எந்தத் தாளா இருந்தாலும் பூதக்கண்ணாடிகிட்ட போங்க" என்று கையைக் காட்டிவிட்டாள்.

பூதக்கண்ணாடி என்பது உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்கு அலுவலகம் வைத்த பெயர். வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் விண்ணப்பங்களை ஸ்கேன் செய்து, தட்டச்சு செய்து அனுப்புவது அந்த அலுவலகத்தின் வேலை. மற்றவர்கள் அடித்ததில் பிழை தேடுவது அவள் வேலை. வந்து பதினோரு மாதம் ஆகிறது, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

"ஆயில் மாத்தியாச்சு மேடம். கீழே ஒரு கையெழுத்து."

"எந்த ஜெனரேட்டருக்கு?"

"உங்க பெருசுக்குத்தான். நேத்து மாத்தினேன்."

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். பெரிய ஜெனரேட்டர் நின்ற சிமெண்ட் மேடை மூன்று மாதமாகக் காலி. யாரோ அதன் மேல் இரண்டு பூந்தொட்டி வைத்திருந்தார்கள். 'பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டோம், இனி எல்லாம் பேட்டரிதான்' என்று மேலாளர் கேக் வெட்டியதும், அந்தக் கேக் தன் தட்டுக்கு வருவதற்குள் தீர்ந்துபோனதும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"அதைத்தான் இரும்புக் கடைக்குப் போட்டாச்சே?"

மெக்கானிக்கின் முகம் மாறியது. தாளைப் பின்னால் இழுத்தார். "அப்ப நான் மேனேஜர்கிட்டயே வாங்கிக்கறேன்."

"இருங்க. ஓடின மணி நேரம் எவ்வளவு எழுதியிருக்கீங்க?"

அதற்குள் அவளே படித்துவிட்டாள். 9,128.

அவர் போனதும் மேசை இழுப்பறையிலிருந்து தன் நோட்டை எடுத்தாள். எதைப் பார்த்தாலும் எழுதிவைக்கும் பழக்கம் அவளுக்கு. ஜெனரேட்டரை லாரியில் ஏற்றிய அன்று, அதுவரை ஓடிய மணி நேரமாக அதன் மீட்டர் காட்டிய எண்ணையும் எழுதியிருந்தாள். 8,412. ஒருவேளை தவறாகப் பார்த்திருப்பேனோ என்று நோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். எண்கள் தெளிவாகத்தான் இருந்தன. இரும்புக் கடையில் உடைபட்டிருக்க வேண்டிய யந்திரம் எங்கேயோ எழுநூற்றுப் பதினாறு மணி நேரம் ஓடியிருக்கிறது.

இதில் அவளுக்கென்ன என்று விட்டுவிட முடியாது. அந்த வெளிநாட்டு நிறுவனம் இந்த ஆண்டு முதல் ஒரு பசுமை அறிக்கை கேட்கிறது. எவ்வளவு மின்சாரம், எவ்வளவு டீசல், எவ்வளவு காகிதம். 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் அவள் கையெழுத்திட்டு, அவளுடைய கணினியிலிருந்தே அனுப்ப வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அறிக்கையில் டீசலுக்கு எதிரே பூஜ்யம் என்று இருந்தது.

மதியம் மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் சிரித்தார். சிரிப்பதற்கு முன்னால் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"அந்தாளு பத்து இடத்துக்கு சர்வீஸ் பண்றான்மா. வேற எதையோ நம்ம பேர்ல எழுதிட்டான்."

"மெஷின் நம்பர் நம்மளுதுதான் சார்."

"ஸ்கேனிங் வேலையையே மூணு மாசம் முன்னாடி வெளிய குடுத்தாச்சு. நமக்கு எதுக்கு அவ்ளோ பெரிய ஜெனரேட்டர்? யோசி."

"இரும்புக் கடை ரசீது இருந்தா ஒரு தடவை பாத்துக்கறேன் சார்."

"தேடி வைக்கச் சொல்றேன்." பேனாவை மூடித் திறந்தார். "வெள்ளிக்கிழமை நீ கையெழுத்துப் போடற. திங்கக்கிழமை உன் பர்மனென்ட் ஆர்டர்ல நான் கையெழுத்துப் போடறேன். நடுவுல எதுக்கு மெக்கானிக்கு?"

அவர் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னது இன்னும் பிடிக்கவில்லை.

அவள் தங்கியிருந்தது அக்கா வீட்டில். சாயங்காலம் போனபோது மொட்டை மாடியில் அக்கா ஒரு வெள்ளைச் சட்டையை உதறிக்கொண்டிருந்தாள்.

"பாருடி, மறுபடியும் கரி. துவைச்சுப் போட்ட துணியை மறுபடி துவைக்கணும்னு எனக்கு என்ன நேர்த்திக்கடனா? எவனோ டயரைக் கொளுத்தறான். கையில மட்டும் கிடைக்கட்டும்."

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு மாசம் இருக்கும். உங்க அத்தான் கோடவுன் வேலைக்குப் போன நேரம்."

அவள் சட்டையின் காலரைத் தொட்டாள். விரலில் மை போல ஒட்டியது. டயர்ப் புகை இப்படி ஒட்டாது என்று தோன்றியது. தனக்கு டயர்ப் புகையைப் பற்றி என்ன தெரியும் என்றும் தோன்றியது. ஆனாலும் மூன்று மாதம் என்பது உறுத்தியது.

அத்தான் ஆறரைக்கு வந்தார். வந்ததும் துணி சோப்பால் முழங்கை வரை தேய்த்தார். அப்படியும் டீசல் வாசனை போகவில்லை. இதை இத்தனை நாளும் பார்த்திருக்கிறாள், கவனித்ததில்லை. காவல் வேலைக்குப் போகிறவர் கையில் எதற்கு இத்தனை அழுக்கு?

"கோடவுன்ல என்ன அத்தான் வேலை?"

"காவல் மாதிரி."

"மாதிரின்னா?"

"மாதிரின்னா மாதிரி. போலீஸ் மாதிரி கேக்கறியே, அது மாதிரி." அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார். அக்கா சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை. அத்தானும் அதற்குப் பிறகு அவள் பக்கம் திரும்பாமலே சாப்பிட்டு எழுந்தார்.

அன்று நோட்டில் எழுதினாள்: 'அத்தான். டீசல் வாசனை. மூன்று மாதம்.' பெற்ற தகப்பனைப் போலப் பார்த்துக்கொள்கிற மனிதரை இப்படி எழுதுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. எழுதியதை அடித்துவிடவும் மனம் வரவில்லை.

மறுநாள் அத்தான் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார். அவள் அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, தானே கொண்டுபோய்க் கொடுப்பதாக டப்பாவை வாங்கிக்கொண்டாள். "உனக்கு என்னடி திடீர் அக்கறை?" என்று அக்கா சந்தேகமாகப் பார்த்தாள்.

கோடவுன் இரண்டு தெரு தள்ளி, வீடுகளுக்கு நடுவில் இருந்தது. பெயர்ப் பலகை கிடையாது. உள்ளே வரிசையாக ஸ்கேனிங் யந்திரங்கள். அவற்றின் முதுகில் அவளுடைய அலுவலகத்தின் எண் ஒட்டிய சீட்டுகள் அப்படியே இருந்தன. காகிதக் கட்டுகளை ஊட்டிக்கொண்டிருந்த பெண்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேசினாலும் கேட்காத அளவுக்குப் பின்பக்கத்திலிருந்து இரைச்சல்.

பின்பக்கம் போனாள். பெரிய ஜெனரேட்டர் நின்றது. ஏற்றும்போது லாரிக் கதவில் இடித்து நெளிந்த மூலை, நெளிந்தபடியே. அதன் புகைக்குழாய் மதிலுக்கு மேலே நீண்டு, அக்கா வீட்டு மொட்டை மாடி இருக்கும் திசையைப் பார்த்துக் கக்கிக்கொண்டிருந்தது. மீட்டர் 9,143.

அத்தான் டீசல் கேனோடு திரும்பினார். அவளைப் பார்த்ததும் கேனைக் கீழே வைத்தார்.

"டப்பா" என்றாள் அவள்.

"டப்பாவா கொண்டுவந்த நீ?"

"தெரிஞ்சே மறைச்சீங்களா அத்தான்?"

"கத்தாதே. கத்தினாலும் கேக்காது, ஆனா கத்தாதே." தெருப் பக்கம் கூட்டிப்போனார். "வந்த முதல் நாளே தெரியும், இது உன் ஆபீஸ் மெஷின்னு. சீட்டு ஒட்டியிருக்கே. உன்கிட்ட சொன்னா நீ கையெழுத்துப் போட மாட்டே. போடலேன்னா உன்னை நிரந்தரம் பண்ண மாட்டான். அதான் வாயை மூடிக்கிட்டேன்."

"எப்பவும் ஓடுமா?"

"காலைல ஒன்பதுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். இங்க வீட்டு லைன்தான். அது இத்தனை மெஷினைத் தாங்காது. உங்க ஆபீஸ்ல கரண்ட் போனாத்தான் இதை ஓட்டுவாங்க. இங்க இதுதான் கரண்டே."

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. வேலையை வெளியே கொடுக்கவில்லை. புகையைத்தான் வெளியே கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒளித்தவர்கள், வருஷ முடிவு வரைக்கும் இலவசமாக இருந்த பராமரிப்பு ஒப்பந்தத்தை விட மனமில்லாமல் பழைய விலாசத்திலேயே வைத்துவிட்டார்கள்; மெக்கானிக் கையெழுத்துக்கு அலுவலகம் வந்தது அதனால்தான்.

அத்தான் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்தார். தேதி, ஓடிய மணி, ஊற்றிய டீசல். ஒரு நாள் விடாமல் கோணல் கையெழுத்தில் இருந்தது.

"இதை யார் எழுதச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. ஒரே வீட்ல இருந்தா தொத்திக்கும்போல, உன் வியாதி. எவனாவது கேட்டா குடுக்கலாம்னு வெச்சிருந்தேன். எவனும் கேக்கலை."

"நான் குடுத்தா உங்க வேலை?"

"மெஷின் போனா நானும் போவேன்." புகைக்குழாயை நிமிர்ந்து பார்த்தார். "உங்க அக்கா அந்த டயர்க்காரனைத் தேடிக்கிட்டிருக்கா. ஒரு நாள் கண்டுபிடிச்சிடுவா. அதுக்கு வேலை போறதே பரவாயில்லை."

வெள்ளிக்கிழமை அவள் எட்டு மணிக்கே அலுவலகம் போனாள். ரசீது வரவில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், யாரும் கண்டுகொள்ளாத ஒரு வரி இருந்தது: 'உங்களுக்காக வெளியார் செய்த வேலையில் எரிந்த டீசல்.' அதற்கு எதிரே 'இல்லை' என்று மேலாளரே அடித்துவைத்திருந்தார். அதை அழித்தாள். அத்தானின் தாள்களை மூன்று முறை கூட்டினாள். மூன்று முறையும் ஒரே தொகை வந்தும் நான்காவது முறை கூட்டினாள். பிறகு எண்ணை எழுதி, தாள்களைப் படமெடுத்து இணைத்து, கையெழுத்திட்டு அனுப்பினாள்.

திங்கட்கிழமை அவள் மேசையில் ஆணை எதுவும் இல்லை. மேலாளர் நின்றுகொண்டே சொன்னார். "பத்து நாள்ல அந்த வெளிநாட்டுக் கம்பெனிலேர்ந்து ஆள் வர்றாங்களாம், ஸ்கேனிங் நடக்கற இடத்தைப் பாக்கறதுக்கு. சந்தோஷமா? உன் விஷயத்தை இன்னும் ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா அவங்க வந்து பாக்கறப்ப அங்க என்ன இருக்கப் போகுது?" என்றார்.

அது கேள்வியா, பதிலா என்று அன்று முழுவதும் யோசித்தாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அக்கா உலுக்கி எழுப்பினாள். "உங்க அத்தான் உன்னை உடனே வரச் சொல்றார். நோட்டோட வரணுமாம். என்னடி நடக்குது இந்த வீட்ல?"

கோடவுன் வாசலில் லாரி நின்றது. ஜெனரேட்டரைச் சங்கிலி கட்டித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். "இரும்புக் கடைக்கு" என்றார் ஓட்டுநர், அவள் கேட்காமலே.

அத்தான் மதிலோரம் கைகட்டி நின்றார். இன்றோடு அவருக்கு அங்கே வேலை இல்லை. அவளைப் பார்த்ததும் உதட்டை அசைக்காமல் சொன்னார், "9,175. நானும் பாத்துட்டேன், நீயும் ஒரு தடவை பாத்துக்கோ. அப்புறம் நான் தப்பாச் சொன்னேன்னு ராத்திரியெல்லாம் தூங்க மாட்டே."

அவள் சங்கிலிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். 9,175தான். எழுதிக்கொண்டாள். பிறகு லாரியின் முன்பக்கம் போய், ஓட்டுநர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வண்டி எண்ணையும் எழுதிக்கொண்டாள்.