மடிப்புக்குள் போன சிறுமி

அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் புத்தகத்தைப் புரட்டிக் கடைசிப் படத்துக்கு வந்ததும் ஓவியக்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிறுமியைக் காணோம். இடப்பக்கத்தில் சிறுமி பிறந்த நாடு இருந்தது. வலப்பக்கத்தில், அவளைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் இறக்கிய நாடு இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நிற்கவேண்டியவள் புத்தகம் தைத்த மடிப்புக்குள் போய்விட்டாள். பக்கங்களை இரண்டு கையாலும் அழுத்தி விரித்தால் ஒரு காதும் பாவாடை நுனியும் மட்டும் எட்டிப் பார்த்தன.

முக்கியமான எதையும் நடு மடிப்பில் வைக்காதே என்பது படப்புத்தகத் தொழிலின் அரிச்சுவடி. பதினான்கு வருடமாக வரைகிறவள் அதிலேயே கோட்டைவிட்டாள் என்றால், யானைக்கும் அடி சறுக்கும் என்று தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். கணினித் திரையில் மடிப்பு கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே படமாகத் தெரியும். கதை எழுதிய அம்மாளும் அதைத் திரையில்தான் பார்த்தார். "அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம நிக்கறா பாருங்க, அதான் என் கதை" என்று கண்கலங்கினார். கலங்கிய கண்ணுக்கு பைண்டிங் எங்கே தெரியப்போகிறது.

அச்சகத்து மேலாளருக்குக் கண்கலங்கும் வழக்கம் இல்லை. ஓவியக்காரிக்கு அவர் 'கடைசி நிமிஷம்' என்று பெயர் வைத்து வருடக்கணக்காகிறது. ஐந்து மணிக்குள் திருத்திய படம் வராவிட்டால் மிஷினில் வேறு வேலை ஏற்றிவிடுவேன், அப்புறம் பள்ளிக்கூடங்கள் திறக்கும்போது புத்தகம் இருக்காது என்று போனில் சொன்னார். ஒன்றரை அங்குலம் தள்ளி நிறுத்தினால் போதுமாம். எந்தப் பக்கம் என்று இவள் கேட்டாள்.

"எந்தப் பக்கமா இருந்தா என்னங்க? புள்ள கண்ணுல பட்டா சரி."

என்னங்கவாம். இருபத்துநாலு பக்கப் புத்தகமும் அந்த ஒரு கேள்விக்காகத்தானே எழுதப்பட்டது என்று அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் பதில் அவளிடமும் இல்லை, அதனால் கோபத்தை யார்மேல் காட்டுவது என்றும் தெரியவில்லை.

முதலில் சிறுமியை இடப்பக்கம் நகர்த்திப் பார்த்தாள். அங்கே வெள்ளைக்காரத் துரையின் மாளிகை பாதியை அடைத்துக்கொண்டிருந்தது, மீதியை அவன் வேலி போட்டுப் பிடித்த வயல். சிறுமி வேலிக்கம்பியின்மேல் நின்றாள். சரி என்று வலப்பக்கம் கொண்டுபோனாள். அங்கே கரும்புத் தோட்டம், ஆலை, கூலிக்காரர்களை அடைத்த வரிசை வீடுகள். சிறுமி ஆலைப் புகைக்குள் நின்றாள். இரண்டு நாட்டையும் பார்த்துப் பார்த்து வரைந்தவள், கதாநாயகிக்குக் கால் வைக்க ஒரு சாண் இடம் எந்த நாட்டிலும் விட்டிருக்கவில்லை. தெரிந்து செய்தாளா தெரியாமல் செய்தாளா என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது.

கதை எழுதிய அம்மாளைக் கூப்பிட்டாள். புத்தகத்துச் சிறுமி அவருடைய கொள்ளுப்பாட்டி. மாளிகையை அழித்துவிட்டால் இடம் கிடைக்கும், அழிக்கட்டுமா என்று கேட்டாள்.

"மாளிகைய எடுத்துட்டா, அவ எதுக்கு ஊரை விட்டுப் போனான்னு குழந்தைங்க கேக்குமே?"

அப்படியானால் ஆலையை எடுக்கலாமா என்றால், போன இடத்தில் அவள் என்ன செய்தாள் என்று கேட்பார்களாம். நீங்களே சொல்லுங்கள், எந்தப் பக்கம் வைக்க என்றால், அதைச் சொல்லத் தெரிந்திருந்தால் நான் ஏன் கதை எழுதுகிறேன் என்றார். போனை வைத்தபோது மணி மூன்றரை.

அவள் வேலை செய்வது சமையலறை மேசையில். எதிர்நாற்காலியில் அப்பா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் தபால்காரராக இருந்தவர். தன் ஊரில் எந்தக் கதவுக்குப் பின்னால் யார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இங்கே மகள் வீட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. வெளியே போனால் முகவரி எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போகிறார். இங்கே பிடித்திருக்கிறதா என்று கேட்டால், "இருக்கேம்மா" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு இன்றுவரை புரிந்ததில்லை. புரிந்துகொள்ளப் பயம் என்பதுதான் உண்மை. இந்தப் புத்தகத்தை அவர் கண்ணில் காட்டாமலேயே வைத்திருந்ததும் அதனால்தான்.

அவரே கையைத் துடைத்துக்கொண்டு மாதிரிப் புத்தகத்தை எடுத்தார். மடிப்பை விரித்து உள்ளே பார்த்துவிட்டு, யார் இது என்றார். சொன்னாள். எட்டு வயசு, கூலிக்கு ஆள் பிடிக்கும் தரகன் அவள் வீட்டாரிடம் ஏதோ பொய் சொல்லிக் கப்பலேற்றிவிட்டான், அவள் திரும்பி வரவே இல்லை.

"இவளை எந்தப் பக்கம் நிறுத்தறதுன்னு புரியலப்பா."

"வர்றியான்னு அந்தப் புள்ளையக் கேட்டாங்களா?"

"இல்லப்பா. யாரும் கேக்கல."

அப்பா "ம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பூண்டை எடுத்தார். அவர் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டத் தெரிந்த மனுஷனும் இல்லை. ஆனால் அவளுக்கு அது தன்னைக் கேட்டதுபோல் இருந்தது.

அம்மா இறந்த இரண்டாம் மாதம் அவளும் அண்ணனும் ஒரு சாயங்காலம் போனில் பேசி எல்லாவற்றையும் முடித்தார்கள். வீட்டை விற்க ஆளைக் கேட்டார்கள். டாக்டரைக் கேட்டார்கள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கிடைக்குமா என்றுகூடக் கேட்டார்கள். அப்பாவிடம், புறப்படும் தேதியைச் சொன்னார்கள். அவரும் பெட்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்பால் செய்தது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள், அதில் பொய்யும் இல்லை. ஆனால் அன்பு இருந்ததால் கேட்க வேண்டியதில்லை என்று யார் சொன்னது?

பேனாவைக் கீழே வைத்தாள். மூன்று வருடம் தாமதமான கேள்வியைக் கேட்டாள்.

"அப்பா, உங்களைக் கேக்காமயே கூட்டிட்டு வந்துட்டேன். உங்களுக்கு ஊருக்குப் போகணுமா, இங்க இருக்கணுமா?"

அப்பா உரித்த பூண்டையே மறுபடி உரிக்கப் பார்த்தார். முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை, வழி தவறினவரின் திகைப்புதான் இருந்தது.

"அன்னைக்குக் கேட்டிருந்தா டக்குனு சொல்லியிருப்பேம்மா. இப்ப எனக்கே தெரியல."

போன் அடித்தது. மேலாளர்தான். இன்றைக்கு முடியாது என்றாள். பத்து நிமிஷ வேலைக்கு அப்படி என்ன தடங்கல் என்று அவர் கேட்டார். இப்போதுதான் ஒருத்தரைக் கேட்டிருக்கிறேன், பதில் வர நாளாகும் என்று சொல்லிவிட்டு அவளும் ஒரு பூண்டை எடுத்து உரித்தாள்.